பிறநாட்டு அரசியலும் நம் கல்வி நிதியும்

(காங்கேயத்தில் கூடிய நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

கல்வி நிதியைக் குறித்துச் சில சொற் கூறுமாறு நம் செயலாளர் எம்மைப் பணித்தனர். பொருளை யாமே தேர்ந்துகொள்ளலாம் என்றும் கூறினர். பன்னாட்டுப் பாதுகாப்பு, பொதுக் கொள்கை என்னும் துறைகளைப் பயில விரும்பும் மாணாக்கர்க்கு உதவிச் சம்பளம் அளித்தலைப் பற்றிப் பேசுவோம் என்றோம். அவர் சற்று நேரம் எம்மை உற்று நோக்கிவிட்டு, "ஐயா, தாங்கள் தமிழ் வாத்தியார் அல்லவா?" என வினவினார். அவ்வினா நியாயமானதே. இவ்வவையிலும் பலர் உள்ளத்தில் அஃது எழுந்திருக்கும். ஆகலின் அதற்கே முதற்கண் விடை கூறுவோம்.

யாம் கற்ற நூல்களில் இத்துறை புதிதன்று. திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதலுக்கு ஓரதிகாரம் வைத்தார்; ஒற்றாடலுக்கு ஓரதிகாரம் வைத்தார்; தூதுக்கு ஓரதிகாரம் வைத்தார். இம்மூன்றையும் இக்காலத்துப் பல்கலைக்கழகங்களில் வேறு பெயர்களால் வழங்கிப் பட்டம் அளிக்கின்றனர், வேறுபாடு அவ்வளவே. தகடூர் அதியமானுக்கும் தொண்டைமானுக்கும் இடையே பகை மூண்டகாலைத் தூது சென்றவர் யாவர்? ஔவையார். அச்செய்தி புறநானூற்றில் உள்ளது. ஒரு பெண்பாற் புலவர் அயலரசன் படைக்கலக் கொட்டிலைக் கண்டு, போர் வேண்டா என்னும் கருத்தை நயமாக உரைத்து வந்தனர். ஆண்டுதோறும் பள்ளியில் இப்பாட்டை நடத்துகின்றோம். நடத்திவிட்டு, அத்தொழிலைப் பயில விரும்பும் பெண்ணொருத்தி நம்மிடம் வந்தால் என் செய்கின்றோம் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

நிற்க. நூலை விடுத்து நம் ஊருக்கு வருவோம்.

காங்கேயம் எதனால் பிழைக்கின்றது? காளை நம் பெருமை; அதனால் அடுப்பெரியும் வீடுகள் இன்று மிகச் சிலவே. அரிசி ஆலை, கொப்பரைக் களம், எண்ணெய் ஆலை, திருப்பூர்ப் பனியன் கம்பெனி, இவையே நம்மவர்க்குச் சோறு. இவற்றுள் எந்த ஒன்றன் விலையையேனும் காங்கேயத்தில் தீர்மானிக்கின்றோமா?

2023 ஜூலை 20ஆம் நாள் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை ஏற்றுமதி செய்தலாகாது என மைய அரசு ஆணையிட்டது. அத்தடை 2024 செப்டம்பர் இறுதியில்தான் நீங்கியது. இடைப்பட்ட பதினான்கு திங்களும் ஆலைக்காரர் அடுத்த திங்கள் என்னாகுமோ என்று டில்லியை நோக்கியிருந்தனர். எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். இந்நாடு உண்ணும் எண்ணெயிற் பாதிக்கு மேற்பட்டது கடல் கடந்து வருவது. கச்சாப் பாமாயில் மீதான அடிப்படை இறக்குமதித் தீர்வை 2024 செப்டம்பரில் நூற்றுக்கு 20 ஆக உயர்ந்தது. 2025 மே இறுதியில் 10 ஆகத் தாழ்ந்தது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே சில வாரம் நிறுத்திவைத்தது. சக்கார்த்தாவில் ஒருவர் இடும் கையொப்பம் நம் களத்துக் கொப்பரையை வந்து தொடுகின்றது. தொட்டது யார் கை என்பதை மட்டும் நாம் அறிவதில்லை. "மார்க்கெட் சரியில்லை" என்று கூறி அமைகின்றோம்.

பனியனைப் பற்றிக் கேட்கவே வேண்டா. 1974 முதல் செல்வ நாடுகள் ஒவ்வொரு நாட்டினின்றும் இத்துணைத் துணிதான் வாங்குவோம் என்று கோட்டா வைத்திருந்தன. அக்கோட்டா 2005 ஜனவரி 1 முதல் ஒழிந்தது. கோட்டாக் காலத்தையும் அதற்குப் பின்னையும் கண்ட முதலாளிமார் இவ்வவையில் உள்ளனர். அவர்களிடம் கேட்டால் ஒரு புராணமே சொல்வர். 2023 நவம்பரில் யெமன் நாட்டு ஹூத்தியர் செங்கடலிற் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினர். கப்பற் கம்பெனிகள் சூயசுக் கால்வாயை விடுத்து ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றின. தூத்துக்குடியில் ஏற்றிய கண்டெய்னர் ஐரோப்பாவைச் சேர ஏறத்தாழ இரண்டு வாரம் மிகுதியாயிற்று; வாடகையும் ஏறிற்று. 2025 ஆகஸ்டில், இந்தியா உருசியாவினின்று எண்ணெய் வாங்குகின்றது என்பதைக் காரணங்காட்டி, முன்னிருந்த 25 விழுக்காட்டின்மேல் இன்னுமொரு 25 விழுக்காடு தீர்வையை அமெரிக்க அரசு சுமத்திற்று. உக்கிரேனில் நடக்கும் போர், உருசிய எண்ணெய், அமெரிக்கத் தீர்வை, திருப்பூர்ப் பனியன் என இந்நான்கையும் ஒரு நூலிற் கோத்துப் பார்க்கும் கல்விக்கே பன்னாட்டுப் பாதுகாப்பு என்றும் பொதுக் கொள்கை என்றும் பெயர்.

சிவன்மலை ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் இம்முறை என்ன பொருள் வைத்தனர் என்று நாமெல்லாம் ஆவலோடு கேட்கின்றோம். யாமும் கேட்பதுண்டு. மலைமேல் வரும் உத்தரவை அறிய நடந்தே ஏறும் நம்மவர், டில்லியினின்று வரும் உத்தரவைப் படித்துப் பொருள் சொல்ல ஒரு பிள்ளையைப் படிக்கவைக்கவில்லை என்பதே எமது குறை.

இனி, முன்னர்க் கூறிய அப்பெண்ணின் வரலாறு. பெயர் கூறோம். அவள் எம்மிடம் தமிழ் பயின்ற மாணவி. தந்தை பனியன் கம்பெனியிற் கட்டிங் மாஸ்டர். தாய் செக்கிங் வேலை. கல்லூரியில் வரலாறு இளங்கலை பயின்று முதல் வகுப்பிற் தேறினாள். 2021இல் டில்லியில் ஒரு பல்கலைக்கழகத்திற் பன்னாட்டரசியல் முதுகலைக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. படிப்புக் கட்டணம் சிறிதே. தங்கலும் உணவும் பயணமுமே செலவு. நம் கல்வி நிதிக்கு விண்ணப்பம் எழுதினாள். தெளிவான தமிழில் இரண்டு பக்கம். கல்விக் குழு கூடியது. நம் நிதியின் விதியில் மருத்துவம், பொறியியல், வேளாண்மை என்னும் மூன்றே குறிக்கப்பெற்றுள்ளன என்று ஒருவர் எடுத்துக்காட்டினார். "இந்தப் படிப்புக்கு வேலை என்ன?" என்றார் மற்றொருவர். "பெண்பிள்ளையை அத்தனை தூரம் எதற்கு?" என்றார் வேறொருவர். விண்ணப்பம் தள்ளப்பெற்றது. குழுவில் ஐவர் கையொப்பமிட்டனர். ஐந்தாவது கையொப்பம் எம்முடையது.

விதி அவ்வாறு உள்ளதே என்று அன்று எம் மனத்தைத் தேற்றிக்கொண்டோம். ஔவையார் பாட்டை அவ்வாண்டும் வகுப்பில் நடத்தினோம்.

அப்பெண் திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சென்றாள். 2025 ஆகஸ்டிற் புதிய தீர்வைச் செய்தி வந்த வாரத்தில் அவ்வலுவலகம் முழுதும் கலங்கியிருந்ததாம். கப்பலேறிவிட்ட சரக்குக்கும் புதுத் தீர்வை உண்டா, இல்லையா என்பதே வினா. முதலாளி பலரைத் தொலைபேசியில் அழைத்தார்; ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகக் கூறினர். இவள் அமெரிக்க அரசின் அறிவிப்பையே தேடி எடுத்து வரிவரியாகப் படித்தாள். ஆகஸ்டு 27 தொடங்குமுன் கப்பலில் ஏறியிருத்தல் வேண்டும். அத்தோடு செப்டம்பர் 17க்கு முன்னர் அந்நாட்டுச் சுங்கத்திற் பதிவும் ஆகியிருத்தல் வேண்டும். இரண்டும் அமைந்தாற்றான் விலக்கு என்று எடுத்துரைத்தாள். எல்லாரும் முதல் நிபந்தனையைக் கேட்டு மகிழ்ந்திருந்தனர். இரண்டாவதைக் கண்டவள் இவள். எந்தெந்தக் கண்டெய்னர் காலத்திற்குள் சேரும், எது சேராது எனப் பட்டியல் எழுதிக் கொடுத்தாள். இதனை எமக்குச் சொன்னவர் அவ்வலுவலகத்துக் கணக்கர். நம் சங்கத்து உறுப்பினர். "அந்தப் பெண்ணை இன்னும் இரண்டு வருஷம் படிக்க வைத்திருந்தால்" என்று தொடங்கினார். எம் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இத்துறையில் நம் கொங்குநாட்டார் எவரும் சென்றதில்லை என்று எண்ணற்க. கோயம்புத்தூரில் 1892இற் பிறந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் 1932இல் ஒட்டாவாவில் நடந்த பேரரசுப் பொருளாதார மாநாட்டுக்குச் சென்றார். 1938இற் சர்வதேச சங்கத்துக்குச் சென்றார். 1944 ஜூலையில் அமெரிக்காவில் பிரெட்டன் உட்சு என்னுமிடத்தில் 44 நாட்டினர் கூடி உலக வங்கியையும் பன்னாட்டு நிதியத்தையும் வகுத்தபோது இந்தியக் குழுவில் ஒருவராய் அமர்ந்தார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26இற் படித்தவரும் அவரே. சிலப்பதிகாரப் புகார்க்காண்டத்துக்கு உரை வகுத்தவரும் அவரே என்பதைத் தமிழாசிரியர் ஆகிய யாம் சொல்லாமல் விடமாட்டோம். ஒட்டாவா உடன்பாட்டால் அவருக்கு ஊரிற் பகை மிகுந்தது. 1934 தேர்தலிற் தோற்றார். இத்துறை எப்பொழுதும் மாலை சூட்டும் துறையன்று என்பதும் அவர் வாழ்க்கையில் விளங்கும்.

ஆயினும் அவர் செல்வக் குடும்பத்தவர். கட்டிங் மாஸ்டர் மகள் எவ்வாறு செல்வாள்? அதற்கும் வழி காட்டியவர் உளர்.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அரசியற் பொருளாதாரம் பயின்றது பரோடா மன்னர் சாயாசிராவ் அளித்த உதவிச் சம்பளத்தால். திங்கட்கு பதினொன்றரைப் பவுன்; மூன்றாண்டு. பின்னர் இலண்டன் சென்று படிப்பைத் தொடங்கினார். 1917இல் உதவிச் சம்பளத்தின் காலம் முடிந்தது, படிப்பு முடியவில்லை. பாதியில் விட்டு நாடு திரும்பினார். உடன்பாட்டின்படி பரோடாவிற் பணி ஏற்றார். மன்னர் பொருள் கொடுத்தார். அந்நகரத்தார் குடியிருக்க ஒரு வீடு கொடுக்கவில்லை. வெளியேறினார். பம்பாயில் ஆசிரியப்பணி செய்து சேர்த்த பொருளும், கோலாப்பூர் மன்னர் உதவியும், பார்சி நண்பர் ஒருவர் தந்த கடனும் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம் பெற்றார். உதவிச் சம்பளம் இடையில் நின்றமையால் மூன்றாண்டு வீணாயிற்று. அத்தகைய மேதைக்கே மூன்றாண்டு என்றால் நம் பிள்ளைகள் பாதியில் நின்றால் நின்றதுதான்.

கேரளத்து உழவூரிற் கூரைவீட்டிற் பிறந்த கே. ஆர். நாராயணன் அவர்கள் 1945இல் டாட்டா உதவிச் சம்பளம் பெற்று இலண்டன் பொருளியற் பள்ளியில் லாஸ்கி பேராசிரியரிடம் அரசியல் பயின்றார். 1949இல் அயலுறவுப் பணியிற் சேர்ந்தார். சீனத்துக்கும் அமெரிக்காவுக்கும் தூதரானார். 1997இற் குடியரசுத் தலைவரானார். திருச்சிராப்பள்ளியில் 1929இற் பிறந்த கே. சுப்பிரமணியம் அவர்கள் ஆட்சிப் பணியிற் சேர்ந்து, சீனப் போர்க் காலத்தில் பாதுகாப்பு அமைச்சகத்திற் பணியாற்றி, 1966இல் ராக்பெல்லர் உதவிச் சம்பளத்தோடு அதே இலண்டன் பள்ளியில் ஓராண்டு போரியற் கொள்கை பயின்றார். திரும்பி வந்து 1968இற் டில்லிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். 1999இற் கார்கில் போரை ஆராய்ந்த குழுவுக்கு அவரே தலைவர். ஓராண்டுச் சம்பளம், முப்பதாண்டுக்கு மேல் நாட்டுக்குப் பயன்.

இம்மூவருள் எவர்க்கும் பொருள் கொடுத்தவர் அவர்தம் குலத்தவர் அல்லர். குலச்சங்க மேடையில் நின்று இதனைக் கூறுதல் சிலர்க்குக் கசக்கும் என்பதை அறிவோம். அறிந்தே கூறுகின்றோம்.

இனி, இக்காலத்தில் உள்ள வழிகளைக் கூறுவோம். இளைஞர் இதனைக் குறித்துக்கொள்வாராக. "பெல்லோஷிப்" என்று அவர்கள் வழங்குவது வெறும் படிப்புச் சம்பளம் அன்று. சம்பளத்தோடு பணியும் பயிற்சியும் கூடியது. டில்லியில் பி.ஆர்.எஸ். என்னும் சட்டமன்ற ஆய்வு நிறுவனம் 2010 முதல் "லாம்ப்" என்னும் திட்டத்தை நடத்திவருகின்றது. தேர்வு பெற்றவர் ஒரு பாராளுமன்ற உறுப்பினரோடு ஏறத்தாழ ஓராண்டு இருந்து, மசோதாக்களை ஆராய்ந்து, வினாக்களும் உரைகளும் ஆயத்தம் செய்து கொடுப்பர். எந்தப் பட்டமாயினும் போதும். அகவை இருபத்தைந்துக்கு மேற்படலாகாது. நம் மாநில அரசு 2022இல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைத் தொடங்கி, திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு இரண்டாண்டு அரசுத் துறைகளிற் பணிசெய்யும் இளைஞரைத் தேர்ந்தது. அதற்குத் தமிழறிவு வேண்டும் என்பது எமக்கு மகிழ்ச்சி. தொழிற்படிப்புப் பட்டமேனும், கலை அறிவியலில் முதுகலையேனும் முதல் வகுப்பில் வேண்டும் என்பதையும் நோக்குக. வெறும் இளங்கலை வரலாறு அங்கே செல்லாது.

பிரித்தானிய அரசின் செவனிங் உதவிச் சம்பளம் அந்நாட்டில் ஓராண்டு முதுகலை பயில முழுச் செலவும் தருவது. இரண்டாண்டு வேலை செய்திருத்தல் வேண்டும். படித்தபின் இரண்டாண்டு தாய்நாட்டில் இருத்தல் வேண்டும். பிள்ளை திரும்ப மாட்டானே என்று அஞ்சும் பெற்றோர் இந்நிபந்தனையை நன்கு படித்துப் பார்க்க. அமெரிக்காவுக்குப் புல்பிரைட்டு-நேரு உதவிச் சம்பளம் உண்டு. அதன் முதுகலைப் பிரிவுக்கு மூன்றாண்டு வேலையனுபவம் கேட்பர். நம் மூன்றாண்டு இளங்கலை மட்டும் அதற்குப் போதாது, மேற்கொண்டு ஒரு முதுகலையோ முழுநேரப் பட்டயமோ வேண்டும். இங்கும் பாருங்கள், முதுகலை என்னும் ஒரு படி இல்லாமையால் எத்தனை கதவு அடைகின்றன! நாம் 2021இல் தள்ளிய விண்ணப்பம் அந்த ஒரு படிக்கானது.

அயலுறவுப் பணிக்கு நேர்வழி மைய அரசுப் பணியாளர் தேர்வு. அதனைப் பற்றி மெய் கூறல் வேண்டும். 2023ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தோர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர். முடிவிற் பரிந்துரைக்கப்பெற்றோர் 1,016 பேர். அவருள் அயலுறவுப் பணிக்குச் செல்வோர் சில பத்துப் பேரே. பொதுப் பிரிவினர்க்கு அகவை 32 வரை ஆறு முறை. பிற்பட்டோர்க்கு 35 வரை ஒன்பது முறை. ஒன்பது முறையும் எழுதி, முப்பத்தைந்தில் வெறுங்கையோடு வீடு திரும்பியவரை யாம் அறிவோம். ஆகலின் இவ்வொரு தேர்வையே நம்பி ஒரு பிள்ளையின் இளமையை அடகு வைத்தலை யாம் ஒப்போம். இத்துறைப் படிப்பு உடையார்க்குத் தேர்வு தவறினும் ஆராய்ச்சி நிறுவனம், செய்தித்தாள், ஏற்றுமதியாளர் சங்கம், வங்கி, கல்லூரி எனப் பிற இடங்கள் உண்டு. சம்பளம் முதலிற் குறைவாகவே இருக்கும்; பொறியாளரோடு ஒப்பிட்டு வருந்துதல் வேண்டா. எழுத விரும்புவோர்க்கு நம் அரசின் "நான் முதல்வன்" திட்டத்தில் ஆயிரம் பேரைத் தேர்ந்து முதல்நிலைப் பயிற்சிக்குத் திங்கள் 7,500 ரூபாய் தரும் ஏற்பாடு 2023இற் பிறந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்திற் பாதுகாப்பு, போரியல் ஆய்வுத் துறை உண்டு. டில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டியற் பள்ளி 1955 முதல் நிலவுவது. இப்பெயர்களை நம் பள்ளி ஆசிரியருள்ளும் பலர் கேட்டிலர். எம்மையும் சேர்த்தே கூறுகின்றோம். அப்பெண்ணின் விண்ணப்பம் வந்தபின்னரே யாம் தேடி அறிந்தோம்.

பெண்பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்புதல் எவ்வாறு என்னும் வினாவுக்குத் தாய்மார்களை நோக்கி ஒன்று கூறுவோம். பனியன் கம்பெனிப் பேருந்தில் இருள் புலருமுன் ஏறி, இருண்டபின் இறங்கும் நம் பெண்களைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை, கூலி வருகின்றது. கல்விக்கு மட்டும் அச்சம் வருவானேன்?

எமது வேண்டுகோள் சிறியது. நம் நிதியினின்று ஆண்டுக்கொருமுறை மேடையில் பலர்க்குச் சால்வை போர்த்திச் சிறு தொகை வழங்கிப் படம் எடுத்துக்கொள்கின்றோம். அது நிகழ்க, யாம் தடுக்கவில்லை. அதனோடு, இரண்டாண்டுக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்து, முதுகலை முடியுங்காறும் தங்கலும் உணவும் பயணமும் திங்கள்தோறும் தவறாது அனுப்புக. குழு மாறினும், தலைவர் மாறினும், அத்தொகை இடையில் நிற்றலாகாது என்று விதியிலேயே எழுதுக. ஆணோ பெண்ணோ என்னும் வினா படிவத்தில் வேண்டா. முதலில் நம் பிள்ளைகளை நோக்குக. தக்கார் ஒருவர் இல்லையாயின் அவ்வாண்டு இவ்வூர்ப் பள்ளியிற் படித்த எவ்வீட்டுப் பிள்ளைக்கேனும் கொடுக்க. இந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டால் கையொப்பமிடுவோம் என்று இருவர் கூறினர். எடுக்க எமக்கு மனம் இல்லை.

அப்பெண்ணுக்கு இப்பொழுது அகவை இருபத்தாறு. லாம்ப் திட்டத்துக்குக் காலம் கடந்தது. செவனிங்குக்குக் கடக்கவில்லை, வேலையனுபவமும் உண்டு. விண்ணப்பத்துக்கான கட்டுரைகளை எழுதி எம்மிடம் காட்டினாள். ஆங்கிலம் எமக்கு அத்துணை இல்லை. ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் அனுப்பிவைத்தோம். கிடைக்கும் கிடைக்காது என்பது நம் கையில் இல்லை. கிடையாவிடின் அவள் மீண்டும் டில்லி முதுகலைக்கு எழுதுவதாக இருக்கின்றாள். அவ்வாறாயின் அவள் விண்ணப்பம் இச்சங்கத்துக்கு இரண்டாம் முறை வரும்.

விதித் திருத்தத்தை எழுதிச் செயலாளரிடம் கொடுத்துள்ளோம். பொதுக்குழுவில் அதனை எடுத்துக்கொள்ள இரு உறுப்பினர் கையொப்பம் வேண்டும். ஒன்று எம்முடையது. மற்றொன்றுக்கு இடம் விட்டிருக்கின்றது. தாள் மேசைமேல் உள்ளது.